மக்கள்தொகையா, நுகர்வா: இந்தக் கணக்கை எப்படிப் போடுவது?

எனக்கு வந்த கேள்வி சுருக்கமாக இதுதான்: “சூழல் கெட்டுப்போவதற்கு மூல காரணம் மக்கள்தொகை. அதைப் பேசாமல் ஸ்ட்ரா, பிளாஸ்டிக் பை, ஏசி என்று பேசிக்கொண்டிருப்பது மழுப்பல் இல்லையா? நாங்கள் ஒரு குழந்தையோடு நிறுத்திக்கொண்டோம். எங்கள் பங்கைச் செய்துவிட்டோம் என்று எடுத்துக்கொள்ளலாமா?”

ஸ்ட்ரா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஸ்ட்ராவை ஒழித்து உலகத்தைக் காப்பாற்ற முடியாது. ஆனால் மக்கள்தொகைதான் மூல காரணம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மக்கள்தொகைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அடித்துப் பேசுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஒரு குழந்தைக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

இந்தச் சண்டைக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. 1968-ல் பால் எர்லிக் என்ற அமெரிக்க உயிரியலாளர், மக்கள்தொகை ஒரு வெடிகுண்டு என்று எழுதினார். 1970-களில் கோடிக்கணக்கானவர்கள் பட்டினியால் சாவார்கள் என்றார். அந்த அளவில் அது நடக்கவில்லை. அவரோடு மல்லுக்கட்டியவர் பாரி காமனர் என்ற இன்னொரு உயிரியலாளர். ஆள் கூடியதல்ல பிரச்சினை, இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வந்த செயற்கை உரமும் டிடர்ஜென்டும் பிளாஸ்டிக்கும்தான் குற்றவாளி என்பது அவர் வாதம். இந்த வாக்குவாதத்தில் பிறந்த ஒரு சூத்திரம் இன்றைக்கும் பாடத்தில் இருக்கிறது: பாதிப்பு என்பது மக்கள்தொகை, தலைக்கு ஆகும் நுகர்வு, அந்த நுகர்வுப் பொருளைச் செய்யும் முறையில் உள்ள அழுக்கு, இந்த மூன்றின் பெருக்கல்.

பெருக்கல் என்பதுதான் இங்கே முக்கியம். நாற்பதுக்கு அறுபது மனை 2,400 சதுர அடி வருகிறது என்றால், அதற்கு நீளம் காரணமா அகலம் காரணமா என்று யாரும் சண்டை போடுவதில்லை. ஆகவே ‘எது காரணம்’ என்ற கேள்வியே இங்கே சரியாகப் பொருந்தாது. எது இன்னும் கூடிக்கொண்டே போகிறது, யார் பக்கத்தில் கூடுகிறது, எதை எவ்வளவு சீக்கிரம் குறைக்க முடியும் என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

முதலில் உங்கள் கட்சிக்குச் சாதகமான கணக்கையே போடுவோம். 1900-ல் உலகத்தில் சுமார் 160 கோடிப் பேர். 2000-ல் சுமார் 610 கோடி. ஏறக்குறைய நாலு மடங்கு. அதே நூறு வருடத்தில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து வெளியான கார்பன் டைஆக்சைடு, ஆண்டுக்கு 200 கோடி டன் அளவிலிருந்து 2,500 கோடி டன் அளவுக்குப் போனது. பன்னிரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு மடங்கு ஜனம், தலைக்கு மூன்று மடங்கு புகை, நாலு மூணு பன்னிரண்டு. இதை மட்டும் பார்த்தால் மக்கள்தொகையின் கை கொஞ்சம் ஓங்கித்தான் இருக்கிறது. சூழல் பற்றிப் பேசுகிற பலர் இந்தக் கணக்கைக் காட்டவே மாட்டார்கள்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. உலகம் முழுவதையும் ஒரே சராசரியில் போட்டுக் கலக்கிவிட்டோம். கூடிய ஜனமும் கூடிய புகையும் ஒரே ஊரில் இருந்தால்தான் இந்தப் பெருக்கல் செல்லும். அப்படி இருந்ததா? டேவிட் சாட்டர்த்வெயிட் என்ற ஆய்வாளர் 1980-லிருந்து 2005 வரைக்கும் இதை இடம்வாரியாகப் பிரித்துப் பார்த்தார். அந்த 25 வருடத்தில் உலகில் கூடிய மக்களில் 18.5 சதவீதம் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் கூடினார்கள். கூடிய கார்பனில் அந்தப் பகுதியின் பங்கு 2.4 சதவீதம். அமெரிக்காவில் கூடியது 3.4 சதவீத மக்கள், 12.6 சதவீதக் கார்பன். ஜனம் பெருகியது ஒரு பக்கம், புகை பெருகியது இன்னொரு பக்கம். சராசரி எடுத்தவுடன் இரண்டும் ஒரே வீட்டில் நடந்த மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான்.

இதைவிடப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்றால் சீனாவைப் பாருங்கள். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தினால் சூழல் தப்பிக்கும் என்ற கருத்துக்கு உலகத்தில் நடந்த மிகப் பெரிய சோதனை அங்கேதான் நடந்தது. 1980 முதல் 2015 வரை ஒரு குழந்தைக் கொள்கை. அபராதம், கட்டாயக் கருக்கலைப்பு, வேலை பறிப்பு என்று எந்த ஜனநாயக நாட்டிலும் நினைத்துப் பார்க்க முடியாத கெடுபிடி. அந்த 35 வருடத்தில் சீனாவின் மக்கள்தொகை 98 கோடியிலிருந்து 138 கோடிக்குப் போனது. சுமார் 40 சதவீத உயர்வு. கார்பன் வெளியீடோ 150 கோடி டன்னிலிருந்து 1,000 கோடி டன் பக்கம் போனது. ஆறேழு மடங்கு. குழந்தைகள் குறைந்தார்கள். நிலக்கரி, இரும்பு, சிமெண்ட், கார், ஏற்றுமதி எல்லாம் கூடின. அந்தச் சட்டம் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும் என்று வாதாடலாம்தான். ஆனால் ஆறு மடங்கு உயர்வு எங்கிருந்து வந்தது என்பதற்கு அது பதிலாகாது.

ஏற்றுமதி என்று சொன்னேன். இந்த விவாதத்தில் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம் அதுதான். ஒரு ஊர் நாசமானால் அந்த ஊரில் எத்தனை பேர் இருந்தார்கள் என்றுதான் நாம் முதலில் எண்ணுகிறோம். நாசத்தை அனுபவித்தவர்களும் பொருளை அனுபவித்தவர்களும் ஒரே ஆட்களாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

பசிபிக் கடலில் நவூரு என்றொரு தீவு. மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். நம்மில் சிலருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தால், ஆஸ்திரேலியா அங்கே நடத்திய அகதி முகாமால்தான் தெரிந்திருக்கும். படகேறிப் போன ஈழத் தமிழர்களையும் அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். அந்தத் தீவின் நடுமேடு முழுக்க உயர்தரப் பாஸ்பேட் என்று 1900-ல் தெரிய வந்தது. முதலில் ஜெர்மன் ஆட்சியில், முதல் உலகப்போருக்குப் பின் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கூட்டாக, அதை வெட்டி எடுத்தார்கள். 1920-களில் நவூரு மக்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். அந்த ஆயிரம் பேருக்கா அவ்வளவு பாஸ்பேட்? ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மேய்ச்சல் நிலங்களுக்கு உரமாக அது போனது. அங்கே புல் செழித்தது, ஆடு மாடு கொழுத்தது. கம்பளியும் வெண்ணெயும் கப்பலேறின.

தீவில் என்ன மிஞ்சியது என்று பார்க்க வேண்டும். பாஸ்பேட் அங்கே தரையில் பரப்பி வைத்த மாதிரி இருக்கவில்லை. பழைய பவளப்பாறைகள் கூர்கூராக நிற்க, அவற்றின் இடுக்குகளில் நிரம்பிக் கிடந்தது. இடுக்கிலிருந்து அள்ளி எடுத்த பிறகு பாறைகள் மட்டும் அப்படியே நின்றன. ஆள் உயரத்துக்கு, பல இடங்களில் அதற்கும் மேலே, சாம்பல் நிறக் கூம்புகள். மண் இல்லை. விதைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, நேராக நடந்து போகக்கூட முடியாது. தீவின் ஐந்தில் நாலு பங்கு இப்படி ஆகிவிட்டது. மக்கள் கடற்கரையை ஒட்டிய ஒரு ஒடுக்கமான வளையத்துக்குள் வாழ்கிறார்கள். 1960-களில் ‘உங்களை வேறு தீவுக்குக் குடியேற்றிவிடுகிறோம்’ என்று ஆஸ்திரேலியா சொன்னது. அவர்கள் மறுத்துவிட்டார்கள். 1989-ல் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய், 1993-ல் சமரசமாகி, பத்துக் கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் இழப்பீடு வாங்கினார்கள்.

நவூருவை முழுக்க அப்பாவியாகக் காட்டவும் எனக்கு விருப்பமில்லை. 1968-ல் சுதந்திரம் வாங்கிய பிறகு அவர்களே வெட்டி விற்றார்கள். கொஞ்ச காலம் தலைக்கு வருமானத்தில் உலகின் பணக்கார நாடுகளில் ஒன்றாக இருந்து, அத்தனையையும் செலவழித்துத் தீர்த்தார்கள். அதுவும் நுகர்வுக் கதைதான். எப்படிப் பார்த்தாலும் அந்தத் தீவு கெட்டதற்கு அங்கே பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை காரணமாகவில்லை.

நம்மூர் நொய்யலும் இதே கதைதான். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேரும் ஆறு. பனியன் ஏற்றுமதி சூடுபிடித்தபோது கரையோரம் சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், அதுவும் கணிசமாக. சாயம் ஏறிய பிறகு அந்த உப்பு முழுக்கத் தண்ணீரோடுதான் வெளியே வரும். நிறத்தைக்கூட ஏதாவது போட்டு நீக்கிவிடலாம். கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பால் நீக்க முடியாது. அதனால்தான் அந்தப் பக்கத்து விவசாயிகள் வாயில் ‘டிடிஎஸ் எவ்வளவு’ என்ற கேள்வி சாதாரணமாக வரும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு அது.

சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் ஒரு அணை கட்டி முடித்தார்கள். ஈரோடு, கரூர் பக்கம் பத்தாயிரம் ஏக்கர் அளவுக்குப் பாசனம் தருவதற்காக. சில வருடத்திலேயே அணைக்குள் தேங்கியது பெரும்பாலும் சாயக்கழிவு. அது பூமிக்குள் இறங்கிச் சுற்றியிருந்த கிணறுகளைக் கெடுத்தது. கடைசியில் ‘எங்களுக்காகக் கட்டிய அணையில் தண்ணீர் தேக்காதீர்கள்’ என்று விவசாயிகளே போராட வேண்டிய நிலை. வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. 2011 ஜனவரியில், கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அதற்குப் பிறகுதான், உப்பை வடிகட்டும் ஆர்.ஓ., ஆவியாக்கும் இயந்திரம் எல்லாம் இல்லாமல் பட்டறை ஓட்ட முடியாது என்ற நிலை வந்தது. கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை எங்கே கொட்டுவது என்ற தலைவலி இன்னும் தீரவில்லை.

கொங்கு நாட்டில் குடும்பங்கள் சின்னவை. இரண்டு குழந்தை, ஒரு குழந்தை என்று தமிழ்நாட்டுக்கே முன்னால் போன பகுதி. நொய்யலைக் கெடுத்த துணியில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு சீசன் போட்டுக் கழற்றி எறிந்த டி-சர்ட். அங்கேயும் மக்கள்தொகை பெரிதாகக் கூடவில்லை. கூடியது அலமாரியில் இருக்கும் துணியின் எண்ணிக்கை.

இங்கே ‘வெள்ளைக்காரன்தான் காரணம்’ என்று முடித்துக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கும். அதற்கும் நான் இடம் கொடுக்க மாட்டேன். தமிழ்நாட்டின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நம் மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் கீழே போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 1.8. இப்போதெல்லாம் பிள்ளை போதவில்லை என்று அரசியல்வாதிகளே கவலைப்படுகிறார்கள். தொகுதி மறுவரையறை வந்தால் எம்.பி. சீட்டு குறையும் என்ற பயத்தில், சீக்கிரம் குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்று முதலமைச்சர் ஸ்டாலின் 2025-ல் கல்யாண மேடையிலேயே சொன்னார். மக்கள்தொகைதான் மூல காரணம் என்றால், இந்த இருபது வருடத்தில் நம் ஆறுகளும் ஏரிகளும் மூச்சு விட்டிருக்க வேண்டும். பாலாற்றிலும் கொள்ளிடத்திலும் மணல் எந்த வேகத்தில் போனது என்பது நமக்குத் தெரியும்.

ஒரு புள்ளிவிவரம் இதில் பலர் கண்ணில் படுவதில்லை. 2001-லிருந்து 2011 வரைக்கும் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. குடும்பங்களின் எண்ணிக்கையோ சுமார் 1.42 கோடியிலிருந்து 1.85 கோடியாக, 30 சதவீதம் கூடியது. தலை கூடியதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் வாசற்படி கூடியிருக்கிறது. சிமெண்ட், மணல், கம்பி, பிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின், இரவெல்லாம் ஓடும் மின்விசிறி எல்லாமே தலைக்கு ஒன்று என்று வாங்குவதில்லை, வீட்டுக்கு ஒன்று. எட்டுப் பேர் இருந்த ஒரு வீடு, தனிக்குடித்தனமாகி மூன்று வீடு ஆகும்போது ஒரு குழந்தையும் கூடாமலே பிரிட்ஜ் மூன்றாகிவிடுகிறது. தனிக்குடித்தனம் தப்பு என்று நான் சொல்லவில்லை. மாமியார் வீட்டில் மாட்டிக்கொண்ட எத்தனையோ பெண்களுக்கு அதுதான் விடுதலை. ஆனால் வீட்டு எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தலையை மட்டும் எண்ணினால் விஷயம் பிடிபடாது.

நுகர்விலும் ‘நாம்’, ‘அவர்கள்’ என்று நாடுவாரியாகப் பிரிப்பது பாதிதான் சரி. 1990 முதல் 2015 வரை உலகில் வெளியான கார்பனில் 52 சதவீதத்துக்குப் பணக்காரப் பத்து சதவீதம் பேர் காரணம், ஏழைப் பாதிப்பேர் எல்லாரும் சேர்ந்து 7 சதவீதம்தான் என்று ஆக்ஸ்பாம் என்ற தொண்டு நிறுவனம் கணக்கிட்டது. அந்தப் பத்து சதவீதத்தில் டெல்லி, மும்பை, சென்னை, கோவைக்காரர்களும் உண்டு. விமானப் பயணத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 2018-ல் உலக மக்களில் பத்தில் ஒருவர்தான் விமானம் ஏறினார். அடிக்கடி பறக்கும் ஒரு சதவீதம் பேர், பயணிகள் விமானப் புகையில் பாதிக்குக் காரணம்.

சரி, மக்கள்தொகைக்குச் சேர வேண்டியதைச் சேர்த்துவிடுவோம்.

இந்தியனின் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் கார்பன் டைஆக்சைடு. உலகச் சராசரி 4.7 அளவில் இருக்கிறது, அமெரிக்கா 14 டன்னைத் தாண்டும். ஆனாலும் மொத்தக் கணக்கில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து மூன்றாவது நாம்தான். காரணம் 140 கோடி. வளிமண்டலத்துக்குத் தலைக்கணக்கு தெரியாது, மொத்தம்தான் தெரியும். காந்தி இதை 1928 டிசம்பரில் தன் யங் இந்தியா வார இதழில் எழுதிவிட்டார். மேற்கத்திய நாடுகளின் பாணியில் இந்தியா தொழில்மயமாவதைக் கடவுள்தான் தடுக்க வேண்டும், ஒரு குட்டித் தீவு நாட்டின் சுரண்டலே உலகத்தை விலங்கில் வைத்திருக்கிறது, 30 கோடி மக்கள் உள்ள தேசம் அதே வழியில் இறங்கினால் வெட்டுக்கிளிக் கூட்டம் போல உலகத்தை மொட்டையடித்துவிடும் என்றார். இந்தச் சண்டையின் இரண்டு கட்சிக்காரர்களும் அவரை மேற்கோள் காட்டலாம். அவர் சொன்னது பெருக்கலைத்தான்.

காடு, வனவிலங்கு என்று வந்தால் மக்கள்தொகையின் கை இன்னும் நேரடியானது. ஏழை விவசாயிக்கு நுகர்வு குறைவுதான், ஆனால் அவருக்கும் நிலம் வேண்டும், விறகு வேண்டும். நைஜர் நாட்டில் 1960-ல் சுமார் 33 லட்சம் பேர் இருந்தார்கள், இப்போது இரண்டரைக் கோடிக்கு மேல். ஒரு பெண்ணுக்கு ஆறு குழந்தைக்குமேல் என்பது அங்கே சமீபகாலம் வரை சராசரி. பாலைவன ஓரத்தில் இருக்கும் நாட்டில் இது சாதாரணச் சுமை இல்லை. ‘அவர்கள் கார்பன் குறைவு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. அங்கே பிரச்சினை கார்பன் இல்லை, மேய்ச்சல் நிலமும் மழையும்.

ஆனால் அங்கேயும் ஆள் கூடினால் மண் கெடும் என்பது விதி இல்லை. கென்யாவின் மச்சாகோஸ் மாவட்டம் இதற்குப் பேர்போன உதாரணம். 1930-களில் அந்தச் சரிவுகளைப் பார்த்த பிரிட்டிஷ் அதிகாரிகள், கம்பா மக்கள் தங்கள் நிலத்தைத் தாங்களே பாலைவனமாக்குகிறார்கள் என்று அறிக்கை எழுதினார்கள். 1930-லிருந்து 1990-க்குள் அங்கே மக்கள்தொகை ஐந்தாறு மடங்கு ஆனது. மண் அரிப்போ குறைந்திருந்தது. நிலம் சுருங்கச் சுருங்க, இருக்கிற துண்டைக் காப்பாற்றினால்தான் பிழைப்பு என்றாகி, சரிவெல்லாம் படிக்கட்டு வயல்களாக வெட்டினார்கள். மேல்பக்கம் மண்ணை வீசி வரப்பு எழுப்பும் முறை. அதற்கு நிறையக் கை வேண்டும். பெண்கள் கூட்டாகச் சேர்ந்து ஒருவர் வயலில் ஒரு நாள், இன்னொருவர் வயலில் மறுநாள் என்று வெட்டினார்கள். நைரோபி சந்தை பக்கத்தில் இருந்ததும், காபி பயிரிட அனுமதி கிடைத்ததும் உதவின. சந்தையும் நில உரிமையும் இல்லாத இடத்தில் இதே கதை நடக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

சில இடங்களில் நுகர்வும் இல்லை, மக்கள்தொகையும் இல்லை, வெறும் கொள்கைதான். பஞ்சாபில் நிலத்தடி நீர் வருடா வருடம் கீழே போகிறது. அங்கே ஒரு பெண்ணுக்கு 1.6 குழந்தைதான். பஞ்சாபிகள் அரிசிச் சாப்பாட்டுக்காரர்களும் இல்லை. இலவச மின்சாரம், நெல்லுக்கு நிச்சயமான அரசுக் கொள்முதல், இரண்டும் சேர்ந்து மோட்டாரை ஓட வைக்கின்றன. உலக அரிசி ஏற்றுமதியில் சுமார் 40 சதவீதம் வரை இந்தியாவினுடையது. அரிசி மூட்டையோடு தண்ணீரும் சேர்ந்து கப்பலேறுகிறது.

மக்கள்தொகையைப் ‘பேச’ வேண்டும் என்கிறீர்கள். பேசலாம். பேசினால் என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகளின் சராசரி ஏற்கெனவே 2.0-க்கு வந்துவிட்டது. ஆனாலும் 2060-கள் வரை கூடி, சுமார் 170 கோடியைத் தொட்ட பிறகுதான் மக்கள்தொகை இறங்கும் என்கிறது ஐ.நா. கணிப்பு. காரணம் எளிது. நேற்றுப் பிறந்த பெண் குழந்தைகள் நிறைய. அவர்கள் ஒவ்வொருவரும் இரண்டே பெற்றாலும் மொத்தம் கூடத்தான் செய்யும். உலகம் முழுக்கச் சீனா மாதிரி ஒரு குழந்தைச் சட்டம் கொண்டுவந்தாலும், 2100-ல் இன்றைக்கு இருக்கிற அளவுக்கு நெருக்கமாகத்தான் மக்கள்தொகை இருக்கும் என்று 2014-ல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. பனிப்பாறை உருகுவது அதுவரை காத்திருக்காது. நிலக்கரி மின்நிலையத்தை மூடினால் அடுத்த நாளே புகை நிற்கும். பிறப்பைக் குறைத்தால் பலன் தெரிய இரண்டு தலைமுறை.

அப்புறம், மக்கள்தொகைப் பேச்சு எப்போதும் யார் தலையில் விடிகிறது என்பதும் இருக்கிறது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-77-ல் மட்டும் இந்தியாவில் 80 லட்சத்துக்கு மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்கள் நடந்தன, பெரும்பாலும் ஆண்களுக்கு. ரேஷன் கார்டு, சம்பளம், மனைப்பட்டா எல்லாவற்றையும் சர்டிபிகேட்டோடு முடிச்சுப் போட்டார்கள். மாட்டியவர்கள் ஏழைகள், தலித்துகள், முஸ்லிம்கள். அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. ஆண்கள் அந்தப் பக்கமே தலைவைக்காமல், சுமை முழுக்கப் பெண் மேல் விழுந்தது. 2019-21 கணக்கெடுப்பில் திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்தவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம்.

பிறப்பு விகிதம் தமிழ்நாட்டில் குறைந்தது மிரட்டலால் இல்லை. பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், கல்யாண வயது தள்ளிப்போனது, பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது, ஆரம்ப சுகாதார நிலையம் நடக்கிற தூரத்தில் வந்தது. பெரியார் 1930 வாக்கிலேயே கர்ப்பத்தடைக்காகக் குடி அரசில் எழுதியபோது, மற்றவர்கள் நாட்டின் பொருளாதாரத்துக்காகக் கேட்கிறார்கள், நாங்கள் பெண்ணின் சுதந்திரத்துக்காகக் கேட்கிறோம் என்று பிரித்தே சொன்னார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. நைஜரில் ஒரு பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரை கிடைக்க வேண்டும், அவளுக்கு வேண்டியிருப்பதால். நியூயார்க்காரனின் கார்பனை ஈடுகட்டுவதற்காக இல்லை.

இப்போது உங்கள் ஒரு குழந்தைக்கு வருவோம். ‘ஒரு குழந்தை குறைவாகப் பெற்றால் ஆண்டுக்கு 58.6 டன் கார்பன் மிச்சம்’ என்று 2017-ல் ஒரு ஆய்வு வந்து உலகமெல்லாம் பரவியது. அதே பட்டியலில் கார் இல்லாமல் வாழ்ந்தால் 2.4 டன், அட்லாண்டிக் கடல் தாண்டி ஒரு முறை விமானத்தில் போய்வருவதைத் தவிர்த்தால் 1.6 டன். பார்த்தால் குழந்தைதான் பிரம்மாண்டம். அந்த 58.6 எப்படி வந்தது தெரியுமா? உங்கள் குழந்தையின் வாழ்நாள் புகையில் பாதி உங்கள் கணக்கு. பேரனுடையதில் கால், கொள்ளுப்பேரனுடையதில் அரைக்கால் என்று பல தலைமுறைக்குச் சேர்த்துக்கொண்டே போய், உங்கள் ஆயுளால் வகுத்தது. போதாததற்கு, அந்தச் சந்ததி முழுக்க இன்றைய பணக்கார நாட்டுக்காரர்களைப் போலவே கரியும் பெட்ரோலும் எரித்துக்கொண்டிருக்கும் என்ற அனுமானம் வேறு. 2200-ல் உங்கள் வம்சம் பெட்ரோல் கார் ஓட்டுவதற்கு இன்று உங்களுக்கு அபராதம்! உங்கள் பேரன் பண்ணுவதை உங்கள் கணக்கில் எழுதினால், நீங்கள் பண்ணுவது உங்கள் தாத்தா கணக்கில் போக வேண்டும்.

இந்த வகைக் கணக்கை முதலில் போட்ட 2009-ம் வருட ஆய்விலேயே பதில் இருக்கிறது. ஒரு குழந்தையும் அதன் சந்ததியும் ஒரு அமெரிக்கத் தாயின் கணக்கில் சேர்க்கும் கார்பன் 9,400 டன்னுக்கு மேல், ஒரு வங்கதேசத் தாயின் கணக்கில் 56 டன். குழந்தை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஆகவே நீங்கள் ஒன்றோடு நிறுத்தியது உங்கள் விருப்பம், உங்கள் மனைவியின் விருப்பம். அதற்குச் சூழல் சேவை என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. இரண்டாவது பெற்றிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். வீட்டில் எத்தனை ஏசி, கார் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எத்தனை தடவை விமானம் ஏறுகிறீர்கள் என்று சொன்னால் உங்கள் பங்கைப் பற்றி ஏதாவது சொல்லலாம். அந்தக் குழந்தை படித்து முடித்து டெக்ஸாஸில் வேலைக்குப் போனால், சராசரி அமெரிக்கரைப் போல வாழ்ந்தாலே இந்தியாவில் ஏழு பேர் விடும் புகையை ஒரே ஆளாக விடும். பார்க்கப் போய்வரும் அப்பா அம்மா இருவருக்கும், அந்த ஒரு பயணத்திலேயே இந்தியச் சராசரியின் ஒரு வருடக் கணக்கு தீர்ந்துவிடும்.